மீட்ட பிறகு என்ன?

செங்கல் சூளையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் குழந்தைகளை மீட்டார்கள் என்ற செய்தி கேட்டதும் நமக்கு நிம்மதி. ஆனால், பெரிய வேலை அதற்குப் பிறகுதான். பெற்றோரிடம் ஒப்படைத்தால் போதாதா என்று கேட்கலாம். பிள்ளையை வேலைக்கு அனுப்பவைத்த கடனும் வறுமையும் அதே வீட்டில் இருந்தால், பிள்ளைகளைக் கடத்தும் தரகர் மறுபடியும் வாசலுக்கு வருவார். அதனால்தான் இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குடும்பச் சூழலை விசாரித்துக் குழந்தைகள் நலக்குழு முடிவெடுக்கச் சொல்கிறது. இல்லங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியேறுவோருக்கு 21 வயதுவரை உதவவும் வழிசெய்கிறது.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். குழந்தை மீண்டும் கடத்தப்பட்டால் முதல் மீட்புக்கான செலவும் வீண்தானே? படிப்பு, மனநல ஆலோசனை, குடும்பத்துக்கு வருமானம் மூன்றும் கூடினால்தான் மீட்பு நிலைக்கும். ஆபத்திலுள்ள குழந்தையைக் கண்டால் 1098 எண்ணை அழையுங்கள்.