பிள்ளை யாருடைய பக்கம்?





கணவனும் மனைவியும் பிரிந்த பின்னர் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வினா எழும்போது, நம் வீடுகளில் முதலில் பேசப்படுவது உரிமையைப் பற்றியே. பெற்றவள் உம்மா என்கிறது ஒரு குடும்பம். செலவு செய்பவர் வாப்பா என்கிறது மறு குடும்பம். தாபரிப்புக்காகக் காதி நீதிமன்றம் சென்ற அதே தம்பதியர், பிள்ளையின் கட்டுக்காப்புக்காக மாவட்ட நீதிமன்றப் படியிலும் ஏற நேரிடுகிறது. ஒரே பிணக்கு ஈரிடங்களில் வளர்கிறது. அவ்வேளை பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது என்ன?

இவ்வினாவை உளவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அமெரிக்காவில் கட்டுக்காப்பு வழக்கொன்று முற்றினால், நீதிபதி ஓர் உளவியலாளரை நியமிப்பதுண்டு. அவர் தாய், தந்தை, பிள்ளை ஆகியோருடன் தனித்தனியே உரையாடுவார். பிள்ளையோடு அவர்கள் பழகும் விதத்தை அவதானிப்பார். உளச் சோதனைகளும் நடத்தி அறிக்கை தருவார். 1994ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கு வழிகாட்டல்களை வகுத்தது. பிள்ளையின் நலனே முதன்மையானது என்பது அவற்றின் அடிப்படை.

ஆயினும் 2005இல் றொபேர்ட் எமெரி என்னும் உளவியலாளரும் அவரது சகாக்களும் இவ்வறிக்கைகளின் அறிவியல் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினர். கட்டுக்காப்பைத் தீர்மானிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட சோதனைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், இயன்றவரை பெற்றோரே கூடிப் பேசி முடிவெடுப்பது மேல் என்றும் அவர்கள் எழுதினர். எந்த உம்மா சிறந்தவர், எந்த வாப்பா சிறந்தவர் என்று அளந்து சொல்லும் தராசு எந்த நிபுணரிடமும் இல்லை என்பதையே நான் இதிலிருந்து விளங்கிக்கொள்கின்றேன்.

எமெரி வேறோர் ஆய்வும் செய்திருந்தார். வேர்ஜீனியா மாநிலத்தில் கட்டுக்காப்புக்காக வழக்காட வந்த 71 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மத்தியஸ்தத்துக்கும் மறு பகுதியினரை வழமையான வழக்கு விசாரணைக்கும் அனுப்பினர். மத்தியஸ்தத்துக்குச் செலவான நேரம் சராசரியாக ஐந்து மணித்தியாலமளவே. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து பார்த்தபோது, மத்தியஸ்தம் செய்தோருள் பிள்ளையைப் பிரிந்து வாழும் பெற்றோரில் 28 வீதத்தினர் வாரம் ஒரு தடவையேனும் பிள்ளையைச் சந்தித்தனர். வழக்காடியோருள் அவ்வாறு சந்தித்தவர்கள் 9 வீதத்தினரே. ஐந்து மணித்தியாலம்! ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வரும் நேரம்.

விவாகரத்து நடந்த வீட்டுப் பிள்ளை கெட்டே போகும் என்று சிலர் தீர்ப்புக் கூறுவர். அது சரியன்று. சுமார் 1,400 குடும்பங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், அத்தகைய பிள்ளைகளுள் 25 வீதமளவினரிடம் பாரதூரமான பிரச்சினைகளைக் கண்டார். பிரியாத குடும்பங்களில் அது 10 வீதம். கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சிய பெரும்பான்மையினர் தேறி வருகின்றனர். பிள்ளையை வாட்டுவது பிரிவு மட்டுமன்று, அதன் பின்னும் ஓயாத சண்டையும், தன்னை அதில் சாட்சியாகவும் தூதனாகவும் ஆக்குவதுமே.

இங்கு பெற்றோர் அறிய வேண்டிய ஆய்வொன்றுண்டு. 1995இல் லைக்ட்மன், செசி ஆகிய இருவர் ஒரு பாலர் பாடசாலையில், சாம் என்பவர் கவனமற்றவர் என்று சிறுவர்களுக்கு முன்கூட்டியே பலமுறை சொல்லிவைத்தனர். பின்னர் அவர் வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார், எதையும் தொடவில்லை. அதன் பின்பு, புத்தகத்தைக் கிழித்தாரா, பொம்மையை அழுக்காக்கினாரா என்று தூண்டும் விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டனர். மூன்று, நான்கு வயதினருள் 72 வீதத்தினர், அவர் ஒன்றையேனும் செய்தார் என்றே கூறினர். அப்பிள்ளைகள் பொய்யர்கள் அல்லர். “வாப்பா உன்னை அடித்தாரா? உண்மையைச் சொல்!” என்று பத்து இரவுகள் கேட்கப்படும் பிள்ளையின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள். மெய்யாகவே அடி விழுந்திருந்தால், இவ்வாறு கேட்டுக் கேட்டே உண்மையும் நம்பப்படாமற் போய்விடும். அத்தகைய ஐயம் எழுந்தால் உடனே பயிற்சி பெற்றவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்களே விசாரணை செய்யாதீர்கள்.

அப்படியாயின் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். கிணற்றிலிருந்து நீர் கொணர்ந்து தாய்க்கு உதவிவந்த சிறுவன் ஒருவனிடம், இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவரின் கையைப் பற்றிக்கொள் என நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அவன் தாயின் கையைப் பற்றினான். ஷாபிஈ மத்ஹபும் ஏழு வயதளவில், பகுத்தறியும் பருவத்தில், பிள்ளைக்கு அத்தெரிவை வழங்குகிறது. ஆனால் கவனியுங்கள்: அங்கு கேட்டவர் நடுநிலையாளர், தாயும் தந்தையும் இருவருமே முன்னிலையில் இருந்தனர். சமையலறை மூலையில் இரகசியமாகக் கேட்கப்படும் கேள்வியோ வேறு. இன்றைய உளவியலாளரும், பிள்ளையின் குரலுக்குச் செவிசாயுங்கள், தீர்ப்பின் பாரத்தை அதன் தோளில் ஏற்றாதீர்கள் என்றே வலியுறுத்துகின்றனர்.

இத்தகைய வீடுகளில் வளரும் இளைஞர் யுவதிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாப்பாவின் வீட்டில் யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று உம்மா கேட்டால், “உம்மா, அதை வாப்பாவிடமே கேளுங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். உம்மாவைப் பற்றி வாப்பா கேட்டாலும் அவ்வாறே சொல்லுங்கள்.