நெடுந்தீவுக் கல்வேலி



குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றபோது, கனடாவிலிருந்து அண்ணை தொலைபேசியில் சொன்னதுதான் மனதில் ஓடியது. "அந்தப் பழைய கல்வேலியைப் பிடுங்கிப்போட்டு மதில் கட்டு. காசு அனுப்புறன்."

நெடுந்தீவு என்றதும் பலர் கேட்பது குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பற்றித்தான். எனக்கு அந்தத் தீவு என்றால் வேலி. குடாநாட்டிலே வேலி என்பது பூவரசு, கிளுவைக் கதியால்களில் கட்டிய கிடுகும் பனையோலையும். காலத்துக்குக் காலம் அடைக்க வேண்டும். அடைக்கும்போது கதியால் ஒரு சாண் நகர்ந்தால் விவகாரம் நீதிமன்றம் ஏறும். நெடுந்தீவிலோ முருகைக்கல். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. தோட்டம் செய்ய நிலத்தைக் கொத்தினால் மண்ணுக்கு முன்னே கல்தான் வரும். வந்த கல்லை எல்லையிலே அடுக்கினார்கள். இராவோடு இராவாக நகர்த்தவும் முடியாத வேலி!

குரோவேசியாவின் தீவுகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு இப்படித்தான் சுவர் அடுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வேர்ப்பூச்சி பரவிக் கொடிகள் அழிய, சனம் கப்பலேறியது. சுவர்கள் நின்றன. 2018 இல் குரோவேசியா உட்பட எட்டு நாடுகளின் கல்லடுக்கும் வித்தையை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் காணியில் வேலி இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. அயல்வீட்டுப் பெரியவர் கேட்காமலே வந்து குந்தினார். பெரிய கல் அடியில். இரண்டு கல் சேரும் பொருத்தின்மேல் மூன்றாவது கல். இடுக்கிலே சிறுகல்லைத் தட்டி இறுக்க வேண்டும்.

"மதில் கட்டினா சோழகம் மோதி, மேலால பாய்ஞ்சு உள்ளுக்கை சுழலும் தம்பி. இது காத்தை அரிச்சு விடும்" என்றார். கல்லிடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது, ஆனால் வேகம் இல்லை.

"உன்ர பெடியளுக்கு இது தெரியுமே?"

கொழும்பில் வளரும் பிள்ளைகள். நான் பேசாமல் இருந்தேன்.

பின்னேரம்வரை இரண்டு முழம் அடுக்கியிருப்பேன். அவர் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூன்று கல்லைக் கழற்றி, திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு அண்ணைக்குச் சொன்னேன்: "காசு வேண்டாம். அடுத்த முறை வரும்போது நீயும் இரண்டு முழம் அடுக்கு." அவர் சிரித்தார். பிறகு, "கல்லு கிடக்கட்டும், பாப்பம்" என்றார்.