பெயர் அறியாத காதற்கதை



அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் சில ஆட்பெயர் தாங்கியவை. அப்பெயருக்கு உரியவர் யாரை விரும்பினார், யாரைப் பிரிந்தார் என்பதை ஓடு சொல்லாது. அங்கே பெயர் எஞ்சியது, கதை மறைந்தது. இலக்கியத்தில் இதற்கு நேர்மாறானதும் உண்டு.

குறுந்தொகை அதற்குச் சான்று. ஒரு காதல் நிகழ்ச்சி முழுவதும் அதில் சில அடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் புலவர்களுள் சிலருடைய இயற்பெயர் தெரியவில்லை. செம்புலப்பெயனீரார் என்பதுபோலப் பாடலில் வந்த தொடரே அவர்களுக்குப் பெயராயிற்று. அவ்வறியாமை அப்பாடல்கள் தொகைநூலுள் இடம்பெறத் தடையாகவில்லை.

குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் முதன்முதல் அச்சேற்றினார். அதே ஆண்டில் ‘விவேகபோதினி’ இதழில் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் பெயர் பாக்கியலட்சுமி அம்மாள் என்றிருந்தது. கதைவாசகர்க்கு அது புதிய பெயர். உண்மையில் அதை எழுதியவர், 1910இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த வ.வே.சு. ஐயர், இதழில் வந்தது அவர் மனைவியின் பெயர்.

ஆகவே அவ்வாசகர் முன் புரட்சியாளரும் இல்லை, பின்னாளில் கம்பனை ஆய்ந்த அறிஞரும் இல்லை. கதை சொல்லும் அரசமரமும் ருக்மிணியும் மட்டுமே இருந்தனர். பிறந்தகம் நொடித்ததால் புக்ககத்தில் இடமற்றுப்போன பெண் அவள். கணவன் நாகராஜன், பெற்றோர் ஏற்பாடு செய்த மறுமணத்துக்கு இணங்குவதுபோல் நடித்து, இறுதியில் அவர்களை ஏமாற்ற எண்ணுகிறான். மனைவியிடம் அத்திட்டத்தை வெளிப்படுத்தவில்லை. அவள் குளத்தில் உயிர்விடுகிறாள். அன்பு இல்லாமையால் நேர்ந்த சாவன்று அது. அன்பை உரிய நேரத்தில் சொல்லாமையால் நேர்ந்தது.

1917இல் ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுதியில் இக்கதை ஐயர் பெயரைப் பெற்றது. பின்னர் வழக்குகள் எழுந்தன. தமிழின் முதற்சிறுகதை இதுதானா? தாகூர் 1884இல் எழுதிய, படித்துறையே பேசும் கதையின் சாயல் இதில் எவ்வளவு? இவை வேண்டிய ஆய்வுகளே. ஆயினும் அவற்றின் ஆரவாரத்தில் ருக்மிணி பின்னுக்குத் தள்ளப்படுகிறாள்.

இலக்கிய வட்டங்கள் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. புதியவர் ஒருவரின் காதற்கதை கைக்கு வந்தால், முதலில் அவர் ஊரையும் பெற்ற பரிசையும் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. சிறுகதை ஓர் அமர்வில் முடிவது. அறியாதவரை நம்பிப் படிப்பவர் இழக்கக்கூடியது அரைமணி நேரமே. அவர் கேட்கவேண்டியவை இரண்டு. இந்தக் காதல் இவ்விருவருக்கே உரியதாக இருக்கிறதா, எவர்க்கும் பொருந்துவதாக இருக்கிறதா? இருவருக்கிடையே சொல்லப்படாமல் நின்றது எது? இவற்றுக்கு விடை கதையில்தான் உண்டு, பெயரில் இல்லை.

நண்பர் என்பதற்காகப் பாராட்டுவதும் அயலார் என்பதற்காக ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் கதை படிக்கப்படுவதில்லை. பத்தாண்டு நிறைந்த வட்டத்தில் பழகிய குரல்கள் பெருகியிருக்கும். ஆதலின் இப்பிழைக்கு இடமும் பெருகியிருக்கும். பதினோராம் ஆண்டு முதல், கூட்டத்தில் படிக்கப்பெறும் கதைக்கு ஆசிரியர் பெயரைக் கலந்துரையாடல் முடிந்தபின் அறிவிக்கும் வழக்கம் தொடங்கட்டும்.

பாக்கியலட்சுமி அம்மாள் யாரோ என்று 1915இல் பக்கத்தைப் புரட்டிச் சென்றவர்க்கு ருக்மிணியின் அறிமுகம் கிட்டியிராது.