கைப்பம்பு கற்பிக்கும் பாடம்

(ஊராட்சித் தலைவர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நல்ல குடிநீரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். திட்ட விதிகளை நீங்கள் நன்கறிவீர்கள். ஆதலின், ஊர்தோறும் நிற்கும் ஓர் எளிய பொருளின் வரலாற்றைக் கூற விழைகின்றேன். நாம் அடிபம்பு என்று வழங்கும் கைப்பம்பே அது.

மராட்டிய மாநிலத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். கோடையில் திறந்த கிணறுகள் வறண்டுபோகும். நீர் பாறைப் பிளவுகளின் ஆழத்தில் கிடக்கும். 1960-களில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் தொண்டாற்றிய கிறிஸ்தவத் திருச்சபையினர், பாறையைத் துளைத்து ஏழை மக்களுக்கு அந்நீரை எட்டச் செய்தனர். 1966-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் வேற்றுமை பாராது கூடி, 'ஆப்ரோ' என்னும் அமைப்பை நிறுவி, உணவு உற்பத்திக்கும் நீர்வளத்துக்கும் துணைநின்றனர்.

நீர் கிடைத்தது, பம்பு நிலைக்கவில்லை. காரணம் யாது? மேல்நாட்டில் ஒரு குடும்பம் தன் முற்றத்தில் வைத்திருந்த வார்ப்பிரும்புப் பம்பின் சாயலிலேயே இங்கும் செய்தார்கள். நம் ஊர்களிலோ விடியற்காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கானோர் அதை அடிக்கின்றனர். அச்சு தேய்ந்தது, கைப்பிடி ஒடிந்தது. 1970-களின் நடுவில் ஆராய்ந்தபோது ஏறத்தாழ முக்கால் பங்கு பம்புகள் பழுதுற்றுக் கிடந்தன. பம்பு நின்றால் குடம் மீண்டும் குட்டைக்கே செல்லும்; குட்டை நீரோடு வாந்திபேதியும் வீடு வந்து சேரும்.

திருச்சபைப் பட்டறைகள் சோர்ந்துவிடவில்லை. எஃகுத் தகட்டால் உடலமைத்து, கைப்பிடியை ஒரே அச்சில் பொருத்தி, தண்டைச் சங்கிலியால் இழுக்கும் முறையைக் கண்டனர். அந்தச் சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டே, அரசும் யுனிசெஃப் நிறுவனமும் சென்னை ரிச்சர்ட்சன் குரூடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கின. நம் கோவை வட்டாரத்துக் கிணறுகளிலேதான் அது சோதிக்கப்பட்டது. எவரும் அதற்குத் தனியுரிமை கோரவில்லை. ஆகவே, பல தொழிற்சாலைகள் அதனைச் செய்தன; ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அது சென்றது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாதெனில், கொடுப்பதோடு தொண்டு முடிவதில்லை. கொடுத்தது நாள்தோறும் பயன்படுகிறதா என்று பார்ப்பதே தொண்டு. இக்கருத்தைக் கொண்டே ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு பம்பு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் குழு என்னும் மூன்றடுக்கு முறை நம் மாநிலத்தில் வகுக்கப்பட்டது.

இன்று பல ஊர்களில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துள்ளது. ஆயினும் மின்சாரம் நின்ற நாளில் கைகொடுப்பது கைப்பம்பே. ஆதலின் நட்டுகளை முடுக்குங்கள், சங்கிலிக்கு மசகிடுங்கள், மேடையின் வெடிப்பை அடைத்து, கழிவுநீர் ஓட வழிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தெருவாரும் தடையின்றி வந்து நீர் எடுக்கும் இடத்திலேயே பம்பும் குழாயும் அமைய வேண்டும். ஒரு தெருவுக்கு மறுக்கப்படும் நீர், எத்துணைத் தூயதாயினும், ஊர்ப் பொதுநீர் ஆகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊரில் எத்தனைப் பம்புகள் ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்ற கணக்கை மக்கள் முன் வையுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.