சைகையும் சிகிச்சையும்



காது கேளாதவர்களைப் பற்றி வானொலியில் பேசுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். யாரைக் குறித்துப் பேசுகிறோமோ அவர்களுக்கு இந்தப் பேச்சு எட்டப்போவதில்லை. ஆயினும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். மருத்துவமனையில் தாம் படும் துன்பம் இன்னதென்று காது கேளாதவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் காது கேட்கும் நாம்தாம்: டாக்டர்கள், நர்சுகள், மருந்து கொடுப்பவர்கள், துணைக்குப் போகும் உறவினர்கள், அண்டை வீட்டார் ஆகிய எல்லாரும்.

தென்பெண்ணை ஆற்றங்கரையிலே மணலூர்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் தை மாதம் 5ஆம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளி அங்கே ஆற்றில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. அந்தத் திருவிழாக் கூட்டத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் கலந்தே நிற்பார்கள். யார் எவர் என்று பார்வையால் பிரித்தறிய முடியாது. கண் பார்வை இல்லாதவர் கையில் கோல் உண்டு. கால் இழந்தவரிடம் ஊன்றுகோல் உண்டு. காது கேளாதவருக்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை. பேச வேண்டிய வேளை வரும்போதுதான் அவருடைய குறை வெளிப்படுகிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவிக்குறை உடையவர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர்.

மணலூர்பேட்டையில் வாழும் காது கேளாத பெண்மணி ஒருவருக்குக் கடுமையான வயிற்றுவலி என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் வலி தீரவில்லை. திருக்கோவிலூருக்கோ, திருவண்ணாமலைக்கோ, கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022இல் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரிக்கோ அவர் போக வேண்டியிருக்கிறது. பஸ் ஏறிப் போய்ச் சேர்வதில் அவருக்குப் பெரிய இடர் ஒன்றுமில்லை. இடர் தொடங்குவது மருத்துவமனை வாசலில்தான்.

சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். தம் பெயர் அழைக்கப்படுவது அவருக்குத் தெரிவதில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று சீட்டை அடியிலே வைத்துவிடுகிறார்கள். பின்னால் வந்தவர்களெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவர் வலியோடு காத்திருக்கிறார்.

ஒருவாறு டாக்டரின் முன்னே போய் அமர்ந்துவிட்டார் என்றே கொள்வோம். "எங்கேயம்மா வலிக்கிறது?" என்ற கேள்விக்குக் கையாலே இடத்தைக் காட்டிவிடலாம். வலி என்று தொடங்கியது? உணவுக்கு முன்பா, பின்பா? விட்டுவிட்டு வருகிறதா, ஒரே சீராக இருக்கிறதா? மாதவிலக்கு தவறியதுண்டா? எந்த மருந்தேனும் முன்பு ஒவ்வாமல் போனதுண்டா? இவற்றை எல்லாம் விரல் நீட்டிச் சொல்லிவிட முடியுமா? நோயைக் கண்டறிவதில் பெரும்பங்கு நோயாளி சொல்லும் வரலாற்றுக்கு உண்டு என்பதை டாக்டர்கள் அறிவார்கள். அந்த வரலாறு வாராதபோது டாக்டர் ஊகத்தின்மேல் நடக்க வேண்டியவராகிறார்.

காது கேளாதவர்கள் உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நேயர்கள் கண்ணாடி முன் நின்று ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குரல் எழுப்பாமல் "மாலை" என்று சொல்லுங்கள்; பிறகு "பாலை" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடுகள் ஒரே விதமாகக் கூடித் திறக்கின்றன. இனி, "காலை" என்றும் "நாளை" என்றும் சொல்லிப் பாருங்கள். ககரம் தொண்டையை ஒட்டிப் பிறப்பது. உதட்டில் அதற்கு அடையாளமே இல்லை. நகரத்துக்கோ நாவின் நுனி மட்டும் பல்லருகே சிறிது தெரியும். மாத்திரையைக் காலையில் விழுங்குவதா, நாளைக்கு விழுங்குவதா என்பது உதட்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஊகமாகிவிடுகிறது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது எல்லாரும் முகக்கவசம் அணிந்தோம். அப்போது அந்த உதடுகளும் மறைந்துபோயின.

அப்படியானால் எழுதிக் காட்டலாமே என்பீர்கள். எழுத்தறிந்தவர்க்கு அது பெருந்துணைதான். ஆனால் தமிழைக் காதால் கேட்டே வளராதவருக்குத் தமிழ் எழுத்து எளிதில் வசப்படுவதன்று. சைகை மொழி தமிழைக் கைகளால் சொல்லும் முறையுமன்று. அதற்கென்று தனிச் சொற்களும் தனி இலக்கணமும் உண்டு. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். எனினும் அத்தகைய கல்வி எல்லா ஊர்களையும் எட்டிவிடவில்லை. கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் பள்ளி காணாமல் வளர்ந்த ஒருவருக்குத் தாயும் உடன்பிறந்தோரும் சேர்ந்து உண்டாக்கிய வீட்டுச் சைகையே மொழி. அந்த மொழி அவர் வீட்டு வாசலைத் தாண்டினால் பிறருக்கு விளங்காது.

சிகிச்சை நடக்கும்போது நேரும் இடர்களும் சில உண்டு. எக்ஸ்ரே எடுப்பவர் மறைவில் நின்றுகொண்டு, மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்கிறார். படுத்திருப்பவருக்கு அது எவ்வாறு தெரியும்? குளுக்கோஸ் ஏற்றும்போது வலக்கையில் ஊசியைக் குத்திக் கை அசையாதபடி கட்டிவிடுகிறார்கள். கையால் பேசுகிறவருக்கு அது வாயைக் கட்டிவிட்டதற்குச் சமம். அறுவை அறைக்குள் போகுமுன் காதில் வைத்திருக்கும் கருவியைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கையில் சுற்றிலும் உதடுகள் அசைகின்றன, ஒன்றும் விளங்கவில்லை. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வார் இல்லை.

இத்தனை இடர்களுக்கும் நாம் கண்டிருக்கும் பரிகாரம், வீட்டார் ஒருவரை உடன் அனுப்புவது. அன்புடன் செய்யும் அந்த உதவியைக் குறைகூற யாருக்கும் மனம் வாராது. ஆயினும் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பத்து வயது மகள் தன் தாயின் கருப்பை நோயைப் பற்றி டாக்டரிடம் கேட்டுத் தாய்க்குச் சொல்வது எப்படி? மைத்துனரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் அந்தரங்கத் துன்பத்தை எவ்வாறு வெளியிடுவாள்? டாக்டர் பத்து நிமிடம் விளக்கியதை உடன் வந்தவர், ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று ஒரே கையசைப்பில் முடித்துவிடுவதும் உண்டு. அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துக்கூடச் சில வேளைகளில் இவ்வாறே வாங்கப்படுகிறது. தம் உடலில் எதை வெட்டப்போகிறார்கள் என்று அறியாமலே ஒருவர் விரல் ரேகை பதிப்பாரானால், அதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. செல்வம் மிகுந்த கனடாவிலும் இதே குறை இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காது கேளாத தாய் ஒருவர் இரட்டைக் குழந்தைகளைக் குறைமாதத்தில் பெற்றார். சைகை மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்கில்லை. ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துவிட்டதென்று நர்சு கையசைத்துக் காட்டினார். பிறந்தவுடனே குழந்தைகளை எடுத்துப் போய்விட்டார்கள். நலமாக இருக்கின்றன என்று ஒரு சிறு குறிப்பு எழுதிக் காட்டியதைத் தவிர, தாய்க்கு யாரும் எதையும் விளக்கவில்லை. தம் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் கிடந்த அந்தத் தாயின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயும் அவர் கணவரும் மற்றொருவரும் தொடுத்த வழக்கு, எல்ட்ரிட்ஜ் வழக்கு என்று பெயர் பெற்றது. 1997இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வது மருத்துவத்தின் பிரிக்க முடியாத பகுதி; ஆகவே அதற்குத் தேவையான இடங்களில் மொழிபெயர்ப்பாளரை அரசே தர வேண்டும் என்பது அதன் சாரம். செலவு தாங்காது என்ற வாதமும் அங்கே எழுந்தது. மாகாணம் முழுவதற்கும் ஆண்டுக்கு 1,50,000 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மருத்துவச் செலவுத் தொகையில் அது 0.0025 சதவீதம். அதாவது லட்சம் ரூபாய் செலவழிக்கும் இடத்தில் இரண்டரை ரூபாய்.

நம் நாட்டிலும் சட்டம் வாளாவிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. தடை என்றால் படிக்கட்டும் குறுகிய வாயிலும் மட்டுமல்ல, செய்தித் தொடர்பில் உள்ள தடையும் தடைதான் என்று அது வரையறுக்கிறது. அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் தடையற்ற வசதி வேண்டும் என்றும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும் என்றும் அதன் 25ஆம் பிரிவு கூறுகிறது. புதுடில்லியில் 2015இல் தோன்றிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், 2021க்குள் 10,000 சொற்கள் அடங்கிய அகராதியை வெளியிட்டிருக்கிறது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டும் மருத்துவமனை, காது கேளாதவருக்காகச் சைகை அறிந்த ஒருவரை அமர்த்துவதும் அதே கடமைதான்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்பவர் என்பவை அவை. நான்காமவரை மருத்துவத்துக்குப் புறம்பானவராக அவர் வைக்கவில்லை. மருத்துவத்தின் உள்ளேயே வைத்தார். காது கேளாத நோயாளிக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் அந்த நான்காமவருள் ஒருவர். அவர் இல்லாத மருத்துவம் கால்பங்கு குறைந்த மருத்துவம்.

எல்லா மருத்துவமனைக்கும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வந்து சேரக் காலம் ஆகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒருவரையேனும் அமர்த்திவிட்டால், கைபேசியின் வீடியோ அழைப்பு மூலம் மலையடிவாரச் சுகாதார நிலையத்துக்கும் அவர் உதவலாம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியவையும் பல. காது கேளாதவரின் சீட்டில் முதலிலேயே ஒரு குறி இடலாம். பெயர் சொல்லி அழைப்பதோடு எண் எழுதிய பலகையைக் காட்டலாம். டாக்டர் கணினியைப் பார்த்துப் பேசாமல் நோயாளியின் முகம் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசலாம். கத்திப் பேசுவதால் பயனில்லை. உதட்டின் வடிவம் சிதைவதுதான் மிச்சம். மருந்துச் சீட்டில் சூரியனும் நிலவும் வரைந்து வேளையைக் காட்டலாம். ஊசியை இடக்கையில் குத்தலாம். சொன்னது விளங்கிற்றா என்று கேட்டால் பலர் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார்கள். அதனால், விளங்கியதைத் திரும்பக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே முறை.

துணைக்குச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நோயாளிக்குப் பதிலாகப் பேசப் போகவில்லை. அவர் பேசுவதைக் கொண்டு சேர்க்கப் போகிறீர்கள். டாக்டர் சொல்வதில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். இரண்டையும் குறைக்காமல் சொல்லுங்கள். உடல் அவருடையது, அதைப் பற்றிய செய்தியும் அவருக்கே உரியது.