திரும்பி வரும் வழி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கற்றறிந்த சான்றோர் பலர் பேசிச் சிறப்பித்த இம்மேடையில், மெட்ரிக் வரை மட்டுமே படித்து, புகைவண்டி நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் என்னைப் பேச அழைத்தது என் தகுதி கருதி அன்று. சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் நான் குடும்பத்துடன் அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்தேன் என்பதை அறிந்த செயலாளர் அவர்கள், "அப்பயணத்தைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லுங்கள்" என்று பணித்தார்கள். முழுவதையும் சொல்லப் புகுந்தால் பின்கட்டில் காத்திருக்கும் உணவு ஆறிப்போகும். ஆதலின், பயணத்தின் கடைசி மூன்று நாட்களையும், விமானமேறி வீடு திரும்பியதையும் மட்டுமே சொல்ல விழைகிறேன். அவற்றுள் நான் செய்த பிழை ஒன்றும் அடங்கியுள்ளது. அதனைச் சொல்லவே இவ்வழைப்பை ஏற்றேன்.

எங்கள் துறையினர்க்குப் பயணப் பாஸ் உண்டென்பதை அறிவீர்கள். ஆனால் கடலின்மேல் தண்டவாளம் இல்லையே! ஆகவே பாஸை விட்டுக்கொடுத்து, மத்திய அரசின் விடுப்புப் பயணச் சலுகையைப் பெற்று, சென்னை வழியாகப் போர்ட் பிளேர் நகரை அடைந்தோம். 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் அறிவிக்கப்பட்டது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜய அரசின்மேற் சென்றதையும், அவன் மெய்க்கீர்த்தியில் நக்கவாரத் தீவின் பெயர் காணப்படுவதையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. அன்று கலமேறிச் சென்ற தமிழன் இன்று அங்கே கடை வைத்திருக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறான், அலுவலகத்தில் எழுதுகிறான். தமிழ் வழியிற் கற்பிக்கும் அரசுப் பள்ளிகளும் அங்கு உள்ளன.

கடைசி மூன்று நாட்களில் முதல் நாள் நாங்கள் ஸ்வராஜ் தீவில் இருந்தோம். ஹாவ்லாக் என்று வழங்கிய அத்தீவு 2018ஆம் ஆண்டு இறுதியில் இப்பெயர் பெற்றது. அங்குள்ள இராதாநகர்க் கடற்கரையில், வெண்மணலின் ஓரம்வரை காடு நெருங்கி நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் கடலில் இறங்கினான். ஔந்தில் அவ்வேளையில் பிள்ளைகள் விளையாடக்கூடப் புறப்பட்டிருக்க மாட்டார்கள். அத்தீவுகள் புனேக்குக் கிழக்கே ஏறத்தாழ 19 பாகை தீர்க்கரேகை தள்ளியிருப்பதால், இவ்விடத்துக்கும் அவ்விடத்துக்கும் சூரிய கதியில் 75 நிமிட அளவு வேறுபாடு உண்டு. எனினும் கடிகாரம் இரண்டிடத்திலும் ஒன்றே. நேர அட்டவணையோடு வாழ்பவனாதலின் இது எனக்குப் பெரு வியப்பாயிற்று. அன்றியும், அத்தீவுகளில் எங்கும் புகைவண்டி இல்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக வண்டியின் ஓசையில் உறங்கிப் பழகிய எனக்கு, அலையோசையில் உறக்கம் வரச் சில நாட்கள் ஆயின.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கடற்கரையில் அவள் சங்கும் சிப்பியும் உதிர்ந்த பவளத் துண்டும் பொறுக்கிப் பாவாடை மடியில் நிறைத்துக்கொண்டாள். காவலர் ஒருவர் வந்து, அவற்றை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம் என்றும், விமான நிலையச் சோதனையில் பறித்துக்கொள்வார்கள் என்றும் அன்பாகவே எடுத்துரைத்தார். ஒவ்வொன்றாக மணலில் இட்டுவிட்டு வந்த மகள், "அப்பா, இங்கிருந்து நாம் எதைத்தான் கொண்டுபோவது?" என்று விம்மினாள். எனக்கு விடை தோன்றவில்லை.

மறுநாள் காலை படகேறிப் போர்ட் பிளேர் திரும்பி, செல்லுலார் சிறையைக் கண்டோம். 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற அச்சிறை, நடுக்கோபுரத்தைச் சுற்றி ஏழு சிறகுகளாக, ஏறத்தாழ 700 தனியறைகளோடு விளங்கியது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகளே. ஓர் அறையின் அறையிலிருப்பவன் மற்றோர் அறையைக் காணவியலாதபடி அதனை அமைத்தார்கள். விடுதலைக்குப் பாடுபட்டோர் பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். அவ்வறை ஒன்றினுள் நின்றபோது, "இவர்கள் எப்படி வீட்டுக்குப் போனார்கள்?" என்று என் மகள் வினவினாள். "சிலர் போனார்கள், சிலர் போகவே இல்லை" என்றேன்.

அன்றிரவு அவ்வினா என்னை உறங்க விடவில்லை. எந்தக் குற்றமும் செய்யாமலே கப்பலேறி, திரும்ப இயலாமற்போன நம்மவர் வேறு பலரை எண்ணிக் கிடந்தேன். கிரிக்கெட்டில் நாட்டமுடைய இளைஞர்களே! மேற்கிந்தியத் தீவுகளின் அணியில் சுழற்பந்து வீசிய வீராசாமி பெர்மால் என்பவரை அறிவீர்கள். கயானா நாட்டவராகிய அவருடைய பெயரில் 'வீராசாமி'யும் 'பெருமாளு'ம் எங்ஙனம் வந்தன என்று எண்ணியதுண்டா?

பிரெஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளில் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் கரிபியன் கடலிலுள்ள அதன் தீவுகளில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் மார்த்தினிக் தீவிலும், 1854இல் குவாதலூப் தீவிலும் இந்தியத் தொழிலாளரின் முதற் கப்பல்கள் கரை சேர்ந்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய தமிழர் அவ்வாறு சென்றோருள் மிகப் பலர். பிரிட்டிஷ் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கல்கத்தாவிலிருந்து சென்றோரே மிகுதி எனினும், சென்னையிலிருந்து சென்றோரும் உண்டு. ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு உழைப்பும், அதன்பின் ஊர் திரும்பும் உரிமையும் எழுதப்பட்டிருந்தன. காகிதத்தில் இருந்த வழி எல்லோர்க்கும் கடலில் இருக்கவில்லை. மடிந்தோர் பலர், மறு ஒப்பந்தம் எழுதியோர் பலர், அங்கேயே மண் வாங்கித் தங்கியோர் பலர். பிரிட்டிஷ் நாடுகளுக்கு ஆளனுப்புவது 1917இல் நின்றது. அதற்கு நெடுங்காலத்திற்குப் பின்னர், 1955இல், ரிசர்ஜன்ட் என்னும் கப்பல் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து இந்தியா திரும்ப விரும்பியோரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதுவே அங்கிருந்து வந்த அத்தகைய கடைசிக் கப்பல். அதில் ஏறிய முதியோர்க்கு அக்கடலோரத்துக் கடைசி நாட்கள் எப்படி இருந்திருக்கும்! பிறந்த ஊரில் தம்மை அடையாளம் காண்பார் யார் என்ற அச்சத்தோடு அன்றோ அவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள்!

குவாதலூப்பில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் உண்டு. அன்னையை மாலியெமென் என்று அழைக்கிறார்கள். இராமசாமி, முத்துச்சாமி என்னும் பெயர்கள் குடும்பப் பெயர்களாய் உருமாறி வழங்குகின்றன. அத்தீவில் பிறந்து, இந்திய வமிசத்தாரின் குடியுரிமைக்காக நெடுங்காலம் வழக்காடியவரின் பெயர் ஆன்ரி சிதம்பரம். வழிபாட்டில் தமிழ்ச் சொற்கள் ஒலிக்கின்றன. பொருளறிந்து சொல்வோர் மிகச் சிலர். வீட்டில் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். தெய்வம் நின்றது; பெயர் நின்றது; பேச்சு நிற்கவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? பல வாரக் கடற்பயணத்துக்கு அப்பால், எழுத்தறியாக் கூலியாட்களுக்குக் கடிதம் எழுதுவாரும் இல்லை, படித்துச் சொல்வாரும் இல்லை. வழி அடைபட்டது, மொழி தேய்ந்தது.

நிற்க. கடைசி நாள் மாலைக்கு வருகிறேன். அபர்தீன் பஜார் அருகே, இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த குடும்பத்து மூதாட்டி ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் நாங்கள் உண்டு வந்தோம். "தம்பி, நாளைக்குக் கிளம்புறீகளா?" என்று கேட்டு, அன்று மீன் குழம்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பேத்திக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. அவள் 'அப்பத்தா' என்பாள். என் மகள் தன் தகப்பனைப் பெற்றவளை 'அப்பாயி' என்பாள். சொல் வேறாயினும் உறவு ஒன்றே என்று கண்டு இருவரும் நகைத்தார்கள். பிரியும்போது அச்சிறுமி என் மகளின் குறிப்பேட்டில் தன் முகவரியைத் தமிழில் அழகாக எழுதி, அதன்கீழ் 'கடிதம் எழுது' என்றும் எழுதிக் கொடுத்தாள். என் மகள் அதனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மற்றச் சிறுமியோ, "இது தெரியாதா?" என்று கேலியின்றி, உண்மையான வியப்போடு கேட்டாள். அவ்வியப்பே என்னைச் சுட்டது.

மறுநாள் விமானமேறினோம். சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாட்கள் பிடிக்கும் வழியை விமானம் இரண்டே கால் மணியில் கடக்கிறது. சன்னலோரத்தில் தீவுகள் பச்சைப் புள்ளிகளாய்ச் சுருங்கி மறைந்தபின், மகள் குறிப்பேட்டை விரித்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றாள். படித்துச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். "நீயே படி" என்று எழுத்தெழுத்தாகக் காட்டினேன். பள்ளியில் மராத்தி படிப்பவளாதலின், "க, க்க, க, க்க என்று அங்கே நான்கு இருக்க, இங்கே ஒரே 'க'தானா? அப்படியானால் தமிழ் எளிதாயிற்றே!" என்றாள். 'ழு' வந்தபோது அந்த எக்களிப்பு சற்று அடங்கியது. ஏழு எழுத்துக்கள், இரண்டு சொற்கள். சென்னையில் சக்கரம் தரையைத் தொடுமுன் அவள் 'கடிதம் எழுது' என்று தானே படித்துவிட்டாள். மாலைக்குள் வேறு விமானத்தில் லோகேகாவ் வந்திறங்கி, முளா ஆற்றின் பாலத்தருகே விளக்குகளைக் கண்டதும், "வீடு வந்துவிட்டது" என்று கைகொட்டினாள். அவளுக்கு ஔந்தே வீடு. அதில் எனக்கு வருத்தமில்லை. இம்மண் நமக்குச் சோறிடுகிறது. மராத்தி அவளுடைய தோழியரின் மொழி.

இனி என் பிழை. மன்னார்குடி அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் தாயார் பேத்திக்கென்று கடிதங்கள் எழுதி வந்தார். மொத்தம் பதினொன்று. தொலைபேசியில் பேசினாலும், கடிதம் எழுதுவதை அவர் விடவில்லை. இரவு டியூட்டி முடிந்து வந்து நான்தான் அவற்றைப் படித்துக் காட்டுவேன். அலுப்பினால் முன்பாதியைப் படித்து, "அப்பாயி உனக்கு ஆசி கூறியிருக்கிறார்" என்று மடித்துவிடுவேன். இரண்டாண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அந்தமானிலிருந்து திரும்பிய ஆறாம் மாதம், எழுத்துக் கூட்டப் பழகிவிட்ட என் மகள் பெட்டியிலிருந்து அக்கடிதங்களை எடுத்துத் தானே படிக்கலானாள். மூன்றாம் நாள் என் முன் வந்து நின்று, "அப்பா, இதை நீங்கள் எனக்குப் படிக்கவே இல்லையே!" என்றாள்.

ஒவ்வொரு கடிதத்தின் பின்பாதியிலும் என் தாயார் ஒரு தொடர்கதை எழுதியிருந்தார். பாமணி ஆற்றைத் தாண்டிப் போய் வழி தவறிய கன்றுக்குட்டி ஒன்று வீடு தேடி அலையும் கதை. ஒவ்வொன்றும் 'மிச்சம் அடுத்த கடிதத்தில்' என்று முடிகிறது. பதினோராவது கடிதமும் அவ்வாறே முடிகிறது.

"கன்று வீட்டுக்கு வந்ததா, அப்பா?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மன்னார்குடியிலுள்ள என் தமக்கையாரைத் தொலைபேசியில் கேட்டேன். "அம்மா நமக்கும் இந்தக் கதை சொல்லியிருக்கிறாள். நீ தூங்கிப்போவாய். முடிவு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி" என்றார். பேத்திக்கு எந்த முடிவை வைத்திருந்தார் என்பதை இனி யார் சொல்வார்?

அன்பர்களே! கரிபியன் தீவுகளுக்குச் சென்றவர்க்கு வழியில்லை, மொழி போயிற்று. நமக்கோ புனேயிலிருந்து ஓர் இரவும் பகலும் புகைவண்டியில் அமர்ந்தால் தமிழ்நாடு. வழி திறந்தே கிடக்கிறது. எனினும் என் வீட்டில் பதினொரு கடிதங்கள் படிக்கப்படாமற் கிடந்தன. கடலைக் குற்றம் சொல்ல எனக்கு வகையில்லை. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் என்ன கிடக்கிறதென்று நீங்களே பாருங்கள்.

ஆகவே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம், நம் சங்கத்தில் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு ஒன்று தொடங்குவோம். புலவர் தேவையில்லை, ஒரு கரும்பலகையும், பொறுமையுள்ள பெற்றோர் நால்வரும் போதும். டியூட்டி இல்லாத ஞாயிறுகளில் நான் வந்து 'க' எழுதிக் காட்டுகிறேன். முதல் மாணாக்கராக வேறொருவரையும் தேட வேண்டாம். என் மகள் இப்போது அந்தக் கன்றுக்குட்டிக் கதைக்குத் தானே முடிவு எழுதி, அந்தமான் தோழிக்கு அனுப்ப முயன்றுகொண்டிருக்கிறாள். எழுத்துப் பிழைகள் நிறைய. திருத்துவதற்கு ஆள் வேண்டும்.