கரிசலும் தேரியும் கடலும்

வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி, எஞ்சிய மாதங்களெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும் ஒரு பிரதேசத்தைப் பழைய திருநெல்வேலி ஜில்லாவினின்று பிரித்து, 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, வ.உ.சிதம்பரனார் பெயரால் தனி மாவட்டமாக்கினார்கள். 1997-இல் அது தூத்துக்குடி மாவட்டமாயிற்று.

வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களில் கரிசல் மண். தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களில், காற்று குவித்த செம்மணல் மேடாகிய தேரி. நடுவே, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தயவால் நெல்லும் வாழையும் விளைவித்துவிட்டு, தாமிரபரணி புன்னைக்காயல் அருகே சமுத்திரத்தில் சங்கமமாகிறது. தேரியை நேரில் காணாதவர், தமிழ்நாட்டில் இத்தகைய பாலைவனத் தோற்றம் உண்டென்று நம்பமாட்டார். அச்செம்மணலிலும் பனை வேர்பிடித்து நிற்பதைக் காணுந்தோறும் என் உள்ளம் நெகிழும்.

உழவனை வருத்தும் வறட்சியே உப்பளங்களுக்கு மூலதனம். நிலத்தோடு நில்லாமல் நிர்வாகத்தின் கை கடலுக்குள்ளும் நீண்டதுதான் இக்கரையின் விசேஷம்: ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளே முத்துச்சிப்பிப் படுகைகளாகிய முத்துப்பார்களைச் சோதித்து, சலாபம் எனும் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள், குளியாளர் எடுத்து வரும் சிப்பிகளில் சர்க்கார் பங்கு கரையிலேயே ஏலம் போகும். 1961-இல் நடந்த சலாபத்துக்குப் பிறகு அக்காட்சி தூத்துக்குடிக் கரைக்குத் திரும்பவில்லை.